வாசலில் ஒரு குடம்

கண்ணாத்தாளுக்குக் கதவைப் பூட்டும் பழக்கம் இந்த வயது வரை கைவரவில்லை. மறதி என்று மகன் சொன்னான். அலட்சியம் என்று மருமகள் நினைத்தாள், வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டிலும் பாதி உண்மைதான் இருந்தது. அவள் பிறந்த குடிசைக்கும் வாழ்க்கைப்பட்டு வந்த குடிசைக்கும் கதவே கிடையாது. தென்னங்கீற்றில் முடைந்த படல் ஒன்று இருக்கும். வெளியே கிளம்பும்போது அதை இழுத்துச் சாத்தி, நாய் முட்டித் தள்ளாமல் இருக்க முன்னால் ஒரு குடத்தை வைத்துவிட்டு நடவுக்கோ அறுப்புக்கோ போய்விடலாம். குடம் இருந்தால் ஆள் இல்லை என்று தெருவுக்கே தெரியும். அதைத் தாண்டி யாரும் போகமாட்டார்கள். போனாலும் எடுத்துக்கொண்டு வர உள்ளே என்ன இருந்தது, கஞ்சிப் பானையைத் தவிர?

பிறகு குடிசை போய் அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு வந்தது. மகன் தமிழ்மாறன் படித்துச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பின் வீட்டை இழுத்துக் கட்டி, தரைக்கு டைல்ஸ் போட்டு, வாசலுக்குத் தேக்குக் கதவு வைத்தான். கொல்லைப்புறத்தை இரும்புக் கம்பி போட்டு அடைத்தான். கதவு மாறியதே தவிர கண்ணாத்தாளின் கை மாறவில்லை. அந்தக் கனமான தேக்குக் கதவையும் அவள் படலைப் போலவே இழுத்துச் சாத்தி, முன்னால் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்துவிட்டுப் போனாள். சாவி வீட்டுக்குள்ளே ஆணியில் தொங்கும். சாவிக்கு அதைவிடப் பத்திரமான இடம் எது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில், புது ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் ஓரமாக இருக்கிறது மேட்டுத்தெரு. எல்லோரும் ஏதாவது ஒரு வழியில் உறவு. அங்கே யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட மதியத்துக்குள் தெரிந்துவிடும். ஒருமுறை திருப்பனந்தாளில் ஒரு கல்யாணத்துக்குப் போன கண்ணாத்தாள் வீட்டை வெறுமனே சாத்திவிட்டுப் போய் மறுநாள் சாயங்காலம் திரும்பினாள். ஒரு துரும்பு அசையவில்லை. ஆனால் பேச்சுவாக்கில் அதை மகனிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. இன்னொரு முறை சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டுத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அது எப்படியோ அவன் காதுக்கு எட்டியது.

"இன்னும் ஒரு தடவை இப்படி நடந்துச்சுன்னா அவ்வளவுதாம்மா," என்றான் மாறன். "வயலைக் குத்தகைக்கு விட்டுட்டு, வீட்டைப் பூட்டிட்டு, உன்னைச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். எனக்கு அங்க தூக்கம் வரமாட்டேங்குது."

அவன் கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் அவளை நடுங்க வைத்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

சென்னை அவளுக்குத் தெரியாத ஊர் இல்லை. பேரன் பிறந்தபோது கொஞ்ச காலம் இருந்து பார்த்திருக்கிறாள். அந்த அடுக்குமாடியில் கதவை இழுத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும். குப்பையை வெளியே வைக்க வந்தவள் ஒருநாள் அப்படியே மாட்டிக்கொண்டாள். எதிர் வீட்டு மணியை அடித்தாள். கதவில் இருந்த சின்னக் கண்ணாடித் துளைக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது நிழலாகத் தெரிந்தது. நின்றார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். மருமகள் பூர்ணிமா வேலையிலிருந்து வரும்வரை கண்ணாத்தாள் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். எதிர் வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. முகம் தெரியாதவளுக்கு யார்தான் கதவைத் திறப்பார்கள்? ஆனால் தன்னை யாருக்கும் தெரியாத ஓர் இடத்தில், தன்னுடைய இந்த மறதியையும் வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுவது என்ற பயம் அன்றைக்குப் பிடித்தது. ஊருக்கு வந்த பிறகும் அது விடவில்லை.

போன பொங்கலுக்கு வந்த மாறன் வாசலுக்கு மேலே ஒரு கேமராவை மாட்டிவிட்டுப் போனான். யாராவது வாசலுக்கு வந்தால் சென்னையில் அவன் செல்போனில் மணி அடிக்கும், படம் தெரியும். கேமராவுக்கு நேர் கீழே இருந்த கதவு அதன் கண்ணில் படாது. வருகிறவர்களும் போகிறவர்களும், எதிரே இருந்த தெருக்குழாயும்தான் தெரியும்.

அந்தக் குழாயடியில்தான் சிக்கல் வந்தது. காலையிலும் மாலையிலும் பெண்கள் கூடுகிற இடம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்திரம் விளக்குவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள், மாமியாரைத் திட்டுவார்கள். எதிர் வீட்டுப் பூவிழிதான் முதலில் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கணவன் அன்பரசன் திருப்பூரில் லாரி ஓட்டுகிறான். கண்ணாத்தாளுக்கு அவன் அண்ணன் முறையில் ஒருவரின் மகன்.

"அத்தை, இது படம் எடுக்குதா?"

"எடுக்குதாம்டி."

"அப்ப மாறன் தம்பி ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு நாங்க பாத்திரம் கழுவுறதைப் பாக்கப் போறாரா?"

கண்ணாத்தாள் அதை அப்படியே மகனிடம் சொன்னாள். "அவங்களை யாரும்மா பாக்கப் போறா? திருடன் வந்தா தெரியணும்ல," என்றான். திருடன் வரவில்லை. குழாயடிக்கு வந்துகொண்டிருந்த பெண்கள்தான் ஒவ்வொருவராகக் குளத்தங்கரைக் குழாய்க்கு மாறிக்கொண்டார்கள். பொழுது விடிந்தால் அடைந்தால் இருபது கண் பார்த்துக்கொண்டிருந்த வாசலை இப்போது ஒற்றைக் கண் பார்த்தது. பூவிழி முன்னைப் போல வந்து உட்காருவதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கண்ணாத்தாளுக்கு அது உறுத்தியது. ஆனாலும் கேமராவைக் கழற்றச் சொன்னால் மகன் சென்னைப் பேச்சை எடுப்பான் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் புது ஆற்றில் தண்ணீர் சரியாக வந்தது. குறுவைக்கு நாற்று நன்றாகத் தேறியிருந்தது. மிஷின் நடவு வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்லி, பக்கத்து ஊரிலிருந்து ஆட்களை வரச்சொல்லியிருந்தாள். அந்த ஒரு ஏக்கர் வயலில் இளவயதில் கூலிக்கு நட்டவள் அவள். மிராசுதார் குடும்பம் அதை விற்றபோது மகன் சம்பாத்தியத்தில் வாங்கினார்கள். சொந்த வயலில் முதல் நாற்று முடியை ஈசானிய மூலையில் அவள் கையால்தான் நட வேண்டும். அதுவும் ராகுகாலம் பிறப்பதற்குள்.

நடவுப் பெண்களுக்குச் சுண்டல் கொடுப்பது அவள் வழக்கம். விடியற்காலையிலேயே கொண்டைக்கடலையை அலுமினியச் சட்டியில் போட்டு அடுப்பில் வைத்தாள். குக்கர் சத்தம் அவளுக்கு ஆகாது. கடலை வெந்துகொண்டிருக்கும்போதே ஆட்களை ஏற்றி வந்த மினி வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்தது. நாற்றுப் பறிக்கும் மருதையன் வாசலில் வந்து நின்று, "அக்கா, வாங்க வாங்க, நேரம் போவுது," என்று அவசரப்படுத்தினான். மஞ்சள், சூடம், வாழைப்பழம் எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்து வைத்தாள். ஒன்றையும் மறக்கவில்லை என்று அவளுக்கே பெருமையாக இருந்தது. கதவை இழுத்துச் சாத்தினாள், குடத்தை வைத்தாள், நடந்தாள்.

சூடம் ஏற்றிக் கிழக்கே பார்த்துக் கும்பிட்டு முதல் முடியைப் பிரித்து நட்டபோது மனசு குளிர்ந்து போயிற்று. பெண்கள் வரிசை பிடித்து இறங்கினார்கள். சேறு கணுக்காலுக்கு மேல் ஏறியது. வரப்பில் வைத்திருந்த பையில் செல்போன் பலமுறை அடித்து ஓய்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் மருதையன்தான் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தான்.

"எங்கம்மா இருக்க?" மாறன் குரல் வேகமாக இருந்தது.

"வயல்லதான்டா. நடவு நடக்குது."

"வீட்டைப் பூட்டினியா?"

 கண்ணாத்தாளுக்கு ஆணியில் தொங்கும் சாவி கண்ணுக்குள் வந்தது. கூடவே அந்த மாடிப்படியும் வந்தது.

"பூட்டினேன்டா."

"நிச்சயமா?"

"பூட்டிட்டு இழுத்துக்கூடப் பாத்தேன்." கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள்.

 மாறன் கேட்டான். "அப்ப பூவிழி அக்கா எப்படிம்மா உள்ள போனாங்க?"

அவள் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் பாத்தேம்மா. வேகவேகமா வந்தாங்க. கொஞ்ச நேரம் ஆளைக் காணோம். வெளிய வரும்போது கையில ஒரு கட்டைப்பை, நல்லா கனமா இருக்கு. ரெண்டு பக்கமும் பாத்துட்டு, முந்தானையைப் போட்டு மூடிக்கிட்டுப் போறாங்க. நீ பூட்டின வீட்டை எப்படித் திறந்தாங்க? சாவி செஞ்சு வச்சிருக்காங்களா?"

"ஏன்டா அப்படியெல்லாம் பேசுற. அவ அப்படிப்பட்டவ இல்ல..."

"நம்பி நம்பித்தாம்மா நீ இப்படி இருக்க. அவங்களுக்குப் போன் போட்டா எடுக்க மாட்டேங்குறாங்க. நம்ம தெரு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுக் கேக்கறேன். பதில் சொல்லட்டும்."

"வேணாம்டா மாறா," என்றாள்.  அதற்குள் அவன் வைத்துவிட்டான்.

போனைப் பிடித்தபடி அவள் நின்றாள். நட்டுக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "என்ன ஆயா, வருஷா வருஷம் சுண்டல் உண்டுன்னு சொன்னாங்களே, இந்த வருஷம் தண்ணி மட்டும்தானா?" என்று கிண்டலாகக் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கண்ணாத்தாள் சிரிக்கவில்லை. அடுப்பு. கடலை. வந்த அவசரத்தில் அடுப்பை அணைக்கவே இல்லை.

மருதையனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சேற்றுக் காலோடு வரப்பேறினாள். வாய்க்கால் ரோட்டில் அவள் ஓட்டமும் நடையுமாகப் போகும்போது, கல்லூரிக்குப் போகிற செம்மொழி ஸ்கூட்டியை நிறுத்தினாள். அதே தெருப் பெண்.

"பெரியம்மா, குரூப்ல மாறன் அண்ணன் போட்டிருக்காரே, அது நிஜமா? பூவிழி அக்காவா அப்படி?"

வண்டியில் ஏற்றிக்கொள்வதற்கு முன் செம்மொழி செல்போனைக் காட்டினாள். மேட்டுத்தெரு சொந்தங்கள் என்ற அந்தக் குரூப்பில் திருப்பூரில் இருப்பவர்கள், சிங்கப்பூரில் இருப்பவர்கள் எல்லோரும் உண்டு. அதில் ஓடிய வீடியோவில் பூவிழி கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் பார்க்கிறாள், முந்தானையை இழுத்து மூடுகிறாள். கீழே மாறன் எழுதியிருந்ததைச் செம்மொழி படித்துக் காட்டினாள். 'அம்மா வீட்டைப் பூட்டிவிட்டு வயலுக்குப் போன பிறகு நடந்தது இது. பூட்டிய வீட்டுக்குள் எப்படிப் போனார்கள், என்ன எடுத்தார்கள் என்று விளக்கம் வேண்டும்.'

அதற்குக் கீழே ஆளாளுக்குக் கேள்வி கேட்டிருந்தார்கள். பூவிழியிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

வீட்டு வாசலில் குடம் வைத்தது வைத்தபடி இருந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே நுழைந்ததும் கருகல் வாடை மூக்கில் ஏறியது. ஜன்னல்களைத் திறந்துவிட்டிருந்தார்கள். அடுப்பு அணைந்திருந்தது. சிலிண்டரும் அடைத்திருந்தது. மேடைக்குப் பின்னால் சுவரில் கை அகலத்துக்குக் கரி. பக்கத்தில் தொங்கிய பிடிதுணி பாதி எரிந்து கிடந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மேலே இருந்த பலகை பற்றியிருக்கும். எல்லாம் இருந்தது. கடலைச் சட்டியை மட்டும் காணோம்.

பூவிழி என்ன எடுத்துக்கொண்டு போனாள் என்பது கண்ணாத்தாளுக்குப் புரிந்தது. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திருடிக்கொண்டு போகிறவள் குடத்தை எடுத்துப் பழையபடி வாசலில் வைத்துவிட்டா போவாள்?

பூவிழி தன் வீட்டுக் கொல்லையில் குத்துக்காலிட்டுச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துவைக்கிற கல் மேல் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. கண்ணாத்தாளைப் பார்த்ததும் தேய்ப்பதை நிறுத்தவும் இல்லை.

"ஜன்னல் வழியா புகை வந்துச்சு. உங்களுக்கு எத்தனை தடவை போன் போடுறது?" என்றாள். "தண்ணிய ஊத்தி அணைச்சேன். சட்டிய அங்கேயே போட்டுட்டு வந்திருக்கலாம். சாயங்காலம் நீங்க அதை வாசக் குழாய்லதான் கொண்டுவந்து தேய்ப்பீங்க. அந்தக் கேமரா பாக்கும். அப்புறம் உங்க புள்ள சும்மா இருப்பாரா? அதான் நானே தேச்சுக் கொண்டாந்து வைக்கலாம்னு தூக்கிட்டு வந்தேன்."

"குரூப்ல சொல்ல வேண்டியதுதானடி?"

"என்னன்னு சொல்லச் சொல்றீங்க? அத்தை அடுப்ப எரியவிட்டுட்டுப் போயிட்டாங்கன்னா? நாளைக்கே உங்களை ஏத்திட்டுப் போக வண்டி வந்து நிக்கும்." அவள் சட்டியைத் திருப்பிப் போட்டாள். "மாறன் தம்பி கேட்டது கூட எனக்குப் பெருசா தெரியல. அவரு தூரத்துல இருக்காரு, பாத்ததை வச்சுக் கேக்குறாரு. நீங்க பூட்டினேன்னு சொன்னீங்களாமே. பூட்டின வீட்டுக்குள்ள நான் எப்படி அத்தை போனேன்?"



"இவரு திருப்பூர்லேர்ந்து கூப்பிட்டாரு," என்றாள் பூவிழி. தேங்காய் நாரைக் கீழே போட்டாள். "என்ன ஆச்சுன்னு கேக்கல அத்தை. என்னடி எடுத்தன்னு கேக்குறாரு."

கண்ணாத்தாளுக்கு அழுகை வந்தது. வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அந்த வெட்கத்திலும் மனசு ஒரு குறுக்கு வழியைத் தேடியது. "நான் ஒண்ணு சொல்லட்டுமா? சாவிய உங்கிட்ட நான்தான் குடுத்தேன், பைய எடுத்துட்டு வரச் சொன்னேன்னு மாறங்கிட்ட சொல்லிடுறேன். மறந்துட்டேன்னு சொல்றேன். உனக்கும் கெட்ட பேரு போயிடும். எனக்கும்..."

"இன்னொரு பொய்யச் சொல்லி என்னை நல்லவளாக்க வேணாம் அத்தை," என்றாள் பூவிழி. "நீங்க போங்க. நான் தேச்சு வைக்கிறேன்."

கண்ணாத்தாள் போகவில்லை. பூவிழி கையிலிருந்த சட்டியை வாங்கினாள். சாம்பலும் கரியும் வழிந்து புடவையெல்லாம் ஆயிற்று. பூவிழி, "எங்க கொண்டு போறீங்க?" என்று கேட்டதற்குத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நேராக வந்து தெருக்குழாய்க்குப் பக்கத்தில், கேமரா பார்க்கிற இடத்தில் நின்றாள். மகனுக்குப் போன் போட்டாள்.

"மாறா, கேமராவைப் பாரு."

"என்னம்மா?"

"பாருடா."

சட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்ததால் போனைக் குழாய்த் திட்டில் வைத்தாள். அதனால் சத்தமாகவே பேச வேண்டியதாயிற்று. ஸ்கூட்டியோடு நின்ற செம்மொழிக்குக் கேட்டது. கொல்லையிலிருந்து ஓடி வந்த பூவிழிக்கும் கேட்டது.

"இதத்தான்டா அவ எடுத்துட்டுப் போனா. நான் வீட்டைப் பூட்டல. பூட்டினேன்னு உங்கிட்ட பொய் சொன்னேன். அடுப்பையும் அணைக்கல. வீடு பத்தி எரிஞ்சிருக்கும், அவ போயி அணைச்சா. நீ என்னைக் கூட்டிட்டுப் போயிடுவன்னு பயந்து சொன்னேன். அவளும் அதே பயத்துலதான் இத மூடி எடுத்துட்டுப் போயிருக்கா. எனக்காக."

கை வலித்தது. இறக்கவில்லை.

"இப்ப நீ என்னைக் கூட்டிட்டுப் போறதுன்னா போ. நான் வர்றேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனா அந்தக் குரூப்ல இருக்கிற அத்தனை பேரும் இதையும் பாக்கணும். நீயே போடு. அன்பரசன் பாக்கணும்."

 திட்டில் கிடந்த போனிலிருந்து, "சட்டிய இறக்கும்மா, கை நடுங்குது," என்று மட்டும் மெதுவாகக் கேட்டது.

அவன் போட்டான். தலைக்கு மேலே கருகிய சட்டியைத் தூக்கிக்கொண்டு, சேற்றுக் காலோடு, முகமெல்லாம் கரியாக நிற்கும் தன் தாயின் படத்தைச் சிங்கப்பூர் வரை அனுப்பினான். கீழே, 'தப்பு என்னுடையது. பூவிழி அக்கா மன்னிக்கணும்' என்று எழுதியிருந்ததாகச் செம்மொழி சொன்னாள். பூவிழி அதைப் படித்தாளா என்று தெரியவில்லை. வந்து சட்டியைக் கண்ணாத்தாள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "அடியில இன்னும் போகல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை மாறன் வந்தான். கண்ணாத்தாள் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒரு பையில் நாலு புடவையை எடுத்து வைத்துக் கூடத்தில் வைத்திருந்தாள். அவன் அடுப்படிச் சுவரில் இருந்த கரியைப் பார்த்தான். கையால் தடவியும் பார்த்தான். அப்படியே எதிர் வீட்டுக்குப் போனான். கண்ணாத்தாள் வாசலில் நின்று பார்த்தாள்.

பூவிழி அவனை உள்ளே கூப்பிடவில்லை. நிலைப்படியில் நின்றபடியே பேசினாள்.

"மன்னிச்சிடுங்கக்கா," என்றான் மாறன்.

"அது இருக்கட்டும் தம்பி. ஒண்ணு கேக்கணும். நான் உள்ள போனதை உங்க கேமரா பாத்துச்சு. வெளிய வந்ததையும் பாத்துச்சு. புகை வந்ததைப் பாத்துச்சா?"

மாறன் தலையைக் குனிந்துகொண்டான்.  பூவிழியின் கோபம் முழுசாகத் தீரவில்லை என்பது கண்ணாத்தாளுக்கு அங்கிருந்தே தெரிந்தது. ஆனாலும், "காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

திரும்பி வந்தவன் கூடத்தில் இருந்த பையைப் பார்த்தான். "அது இருக்கட்டும்மா," என்றான். "ஏணி எங்க?"

வாசலுக்கு மேலே இருந்த கேமராவைக் கழற்றினான். அடுப்படிக்குக் கொண்டுபோய், அடுப்பு மட்டும் தெரிகிற மாதிரி எதிர்ச் சுவரில் மாட்டினான். "வாசலைப் பாக்கத் தெருவே இருக்கு. இங்கதான் பாக்க ஆளில்ல," என்றான். யாரும் இல்லாமல் அடுப்பு எரிந்தால் பூவிழி அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்வானாம். திங்கட்கிழமை தாயைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய் மறதிக்கு ஒரு டாக்டரிடம் காட்டினான். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, அடிக்கடி வந்து காட்டச் சொன்னார். சென்னைப் பேச்சு அடியோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. தள்ளிப்போயிருக்கிறது. கண்ணாத்தாளுக்கு அது புரிந்துதான் இருந்தது. தன் தலைக்குள் எதுவோ கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருக்கிறது என்ற பயத்தை எந்தக் கேமராவை எங்கே மாட்டினாலும் போக்க முடியாது.

குழாயடிக்குப் பெண்கள் உடனே வந்துவிடவில்லை. முதலில் ஒருத்தி வந்து மேலே பார்த்தாள், ஆணி அடித்த ஓட்டை மட்டும் இருந்தது. பிறகு இரண்டு மூன்று பேர் வந்தார்கள். பூவிழி கடைசியாகத்தான் வந்தாள்.

நட்ட பயிர் பச்சை பிடித்துக் களையெடுப்புக்கு வந்த ஒருநாள் காலை. கண்ணாத்தாள் அடுப்பை அணைத்தாள், சிலிண்டரை அடைத்தாள், சுவரில் இருந்த கேமராவைப் பார்த்து, "அணைச்சுட்டேன்டா," என்று சொன்னாள். வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினாள். குடத்தை வைத்தாள். நாலு எட்டு நடந்தவள் நின்று திரும்பிக் கதவைப் பார்த்தாள். ஆணியில் சாவி.

குழாயடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பூவிழி தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"பூட்டினீங்களா அத்தை?"

கண்ணாத்தாள் கொஞ்சம் யோசித்தாள்.

"இல்லடி."

"சரி, போயிட்டு வாங்க."